காட்டு விலங்குகளை வைத்து வித்தை: ராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரிலும் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சர்க்கஸில் சிங்கம் பார்த்த கதை ஒன்று அவரிடம் கட்டாயம் இருக்கும். பேரப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, "நிஜச் சிங்கமா? கிராஃபிக்ஸ் இல்லையா?" என்கிறார்கள். பள்ளிகளிலும் வாசகசாலைகளிலும் இதைப் பற்றிப் பேசப் போகும்போது எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைப் பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்க வாப்பா சின்ன வயதில் சிங்கம் நெருப்பு வளையத்தைத் தாண்டியதைப் பார்த்தேன் என்கிறார். உண்மையா?

உண்மையாகத்தான் இருக்கும். 1990கள் வரை இந்தியாவில் சிங்கமோ புலியோ இல்லாத பெரிய சர்க்கஸே கிடையாது. ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் கூடாரம் போட்டால் இருட்டியதும் அதன் தேடு விளக்கு வானத்தைத் துழாவும். பல மைல் தள்ளி இருக்கும் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அதுதான் விளம்பரம். கூடாரத்தை நெருங்கும்போது முதலில் வருவது வாடைதான்: ஈர மரத்தூள், யானைச் சாணம், சிங்கக் கூண்டின் மூத்திர நெடி, எல்லாம் கலந்து அடிக்கும்.

சிங்கம் வருவதற்கு முன் நடக்கும் வேலையை நான் ஆசையோடு பார்ப்பேன். ஆட்கள் ஓடிவந்து வட்டத்தைச் சுற்றி இரும்புக் கம்பிப் பலகைகளை ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிறுத்துவார்கள். வெளியே நிற்கும் கூண்டு வண்டியிலிருந்து உள்ளே வர, குனிந்து போகும் உயரத்தில் ஒரு கம்பிப் பாதை. அதன் கதவு தூக்கப்படும் சத்தம் கேட்டதும் பேண்டு நின்றுவிடும். சிங்கம் ஓடிவராது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நடந்து நடந்து பழகிய வழியில் வந்து தன் முக்காலியில் ஏறி உட்காரும். நாங்கள் அதைக் கம்பீரம் என்று நினைத்துக் கை தட்டினோம்.

காட்டு விலங்கை வைத்து வேடிக்கை பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

அரசர்களிடமிருந்து. கி.பி. 80இல் ரோமில் கொலோசியம் திறப்பு விழாவில் 9,000 விலங்குகள் கொல்லப்பட்டதாக காசியஸ் டியோ என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அதை வித்தை என்று சொல்ல முடியாது, கொலை. நம் நாட்டில் முகலாயர்களுக்கு யானைச் சண்டை பெரிய பொழுதுபோக்கு. 1633இல் ஆக்ராவில் அப்படி ஒரு சண்டையின்போது சுதாகர் என்ற யானை மிரண்டு பாய்ந்தது. 14 வயது ஔரங்கசீப் குதிரையை நகர்த்தாமல் நின்று அதை ஈட்டியால் எதிர்கொண்டார். பக்கத்து மதுரையிலேயே தமுக்கம், நாயக்கர்கள் யானைச் சண்டை பார்த்த இடம் என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடந்ததும் சர்க்கஸ் கூடாரங்கள் எழுந்ததும் அதே திடலில்தான்.

காட்டையே அடக்கிவிட்டேன், பார் என்று குடிகளுக்குக் காட்டுவதுதான் அரசர்களின் நோக்கம். பின்னால் டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் அந்தப் பெருமையில் ஒரு பங்கு கிடைத்தது. சர்க்கஸின் கவர்ச்சியில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சர்க்கஸ் தொடங்கியதே சிங்கத்தோடுதானே?

இல்லை, குதிரையோடு. 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர், வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நின்று வித்தை காட்டினார். அவர் நிலைப்படுத்திய வட்டத்தின் குறுக்களவு 42 அடி. அந்த அளவில் குதிரை சீராக ஓடினால், மேலே நிற்பவர் உள்பக்கம் சற்றே சாய்ந்து விழாமல் நிற்கலாம். உலகெங்கும் சர்க்கஸ் வட்டம் ஏறத்தாழ அதே அளவில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

சிங்கம் வந்தது 19ஆம் நூற்றாண்டில். அமெரிக்கரான ஐசக் வான் ஆம்பர்க் ரோமானிய உடையில் கூண்டுக்குள் போய்ச் சிங்கத்தின் வாயில் தலையை வைத்துக் காட்டினார். 1839இல் விக்டோரியா மகாராணி அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். வான் ஆம்பர்க் விலங்குகளைப் பழக்கியது இரும்புத் தடியால். ஹாம்பர்க் நகர விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக்தான் பிறகு அடியைக் குறைத்து, இறைச்சித் துண்டும் பொறுமையும் வைத்துப் பழக்கும் முறையைப் பரப்பினார். 1907இல் கம்பிக்குப் பதில் அகழி வைத்து விலங்குப் பூங்கா திறந்தவரும் அவர்தான்.

அது இந்தியாவுக்கு எப்படி வந்தது?

கியுசெப்பே சியாரினி என்ற இத்தாலியரின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்தது. அதைப் பார்த்த மராட்டியக் குதிரைப் பயிற்சியாளர் விஷ்ணுபந்த் சத்ரே, நம்மாலும் முடியும் என்று இறங்கினார். அவருடைய கிரேட் இந்தியன் சர்க்கஸின் முதல் காட்சி 1880 மார்ச் 20இல் பம்பாயில் நடந்தது. அப்புறம் கேரளத்தின் தலச்சேரி. அங்கே உடற்பயிற்சியும் களரியும் சொல்லிக்கொடுத்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். அந்த ஒரு ஊரிலிருந்து புறப்பட்ட கலைஞர்களால்தான் இந்திய சர்க்கஸ் நூறு ஆண்டு ஓடியது. ஜெமினி சர்க்கஸை 1951இல் தொடங்கிய எம்.வி. சங்கரனும் தலச்சேரிப் பக்கத்துக்காரர்.

பெண்களையும் சொல்ல வேண்டும். வங்காளத்தில் பிரியநாத் போஸின் சர்க்கஸில் சுசீலா சுந்தரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கையில் ஆயுதம் இல்லாமல் புலிக் கூண்டுக்குள் போனவர். ஆண்களில், புனேயில் பிறந்த தாமு தோத்ரே அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் வரை போய்ப் பெரும்பூனைகளைப் பழக்கிப் பெயர் எடுத்தார். இந்த மனிதர்களின் துணிச்சலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை. விலங்குகளுக்காகப் பேசும்போதும் இவர்களை மறந்துவிடக் கூடாது.

ரிங் மாஸ்டரிடம் சிங்கம் ஏன் பாயவில்லை? மயக்க மருந்தா?

பெரும்பாலும் இல்லை. மயங்கிய சிங்கம் முக்காலியில் ஏறாது. சூட்சுமம் தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு விலங்குக்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அதற்கு வெளியே நின்றால் கண்டுகொள்ளாது. கொஞ்சம் நெருங்கினால் விலகிப் போகும். விலக இடமில்லாத நேரத்தில் இன்னும் நெருங்கினால் பாயும். சுவிட்சர்லாந்தின் விலங்கியலாளர் ஹெய்னி ஹெடிகர் இதை விரிவாக எழுதினார். ரிங் மாஸ்டர் செய்வது, அந்தக் கடைசி எல்லையில் ஓர் அடி உள்ளே வைத்து, சிங்கம் உறுமியதும் அந்த அடியைப் பின்வாங்குவது. பார்ப்பவருக்கு அது சண்டையாகத் தெரியும்.

வட்டத்துக்குள் அவரே முதலில் நுழைவார், அப்போதுதான் இடம் அவருடையது. நாற்காலியின் நான்கு கால்களையும் சிங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினால், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அது தடுமாறும். அமெரிக்காவின் கிளைட் பீட்டி இதைப் பிரபலமாக்கினார். சாட்டை பெரும்பாலும் சத்தத்துக்கு. ஆனால் அந்தச் சத்தத்துக்குச் சிங்கம் ஏன் பயப்படுகிறது என்று கேட்டால், கூடாரம் திறப்பதற்கு முந்தைய பயிற்சி மாதங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். டிக்கெட் வாங்கியவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

சர்க்கஸ் வராத சின்ன ஊர்களில் என்ன இருந்தது?

மோடி மஸ்தான், குரங்காட்டி, பாம்பாட்டி. கரையோர மக்களுக்குச் சர்க்கஸைவிட நெருக்கமானவர்கள் இவர்கள்தான். கடலோர மணலில் பெரிய கூடாரத்து முளை பிடிக்காது, கச்சான் என்னும் மேல்காற்று வேறு. கூடாரம் வராத இடத்துக்கும் இவர்கள் தோளில் கூடையோடு வந்துவிடுவார்கள்.

குரங்காட்டி கையில் ஒரு சின்ன உடுக்கை, ஒரு கோல். குரங்குக்கு எந்த ஊரிலும் பெயர் ராமன்தான். "ஆடுறா ராமா, தாண்டுறா ராமா" என்றால் அது கோலைத் தாண்டும். சேதுக்கரையும் ராமேஸ்வரமும் இருக்கிற இந்தப் பக்கம், அந்தத் தாண்டல் கடலைத் தாண்டியவரின் கதையாகவே பார்க்கப்பட்டது. கும்பிட்டுவிட்டுக் காசு போட்டவர்களும் உண்டு. அந்தக் குரங்கின் இடுப்பில் கயிறு அறுத்த தழும்பு இருக்கும். தாயிடமிருந்து குட்டியிலேயே பிரித்து, தரையில் கட்டி, இரண்டு காலில் நிற்கும்வரை கயிற்றைச் சுண்டிச் சுண்டிப் பழக்குவார்கள். கும்பிட்டவர்கள் கண்ணில் இது படவில்லை.

கீரிக்கும் பாம்புக்கும் சண்டை நடந்ததா, இல்லையா?

சந்தையில் இதைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: சண்டையைப் பார்த்ததே இல்லை! முளையில் கட்டிய கீரி ஒரு பக்கம், மூடிய கூடை ஒரு பக்கம். "இதோ விடப்போறேன்" என்று ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். நடுவில் தாயத்து வரும், மூலிகை எண்ணெய் வரும். பாதியில் எழுந்து போனால் ரத்தம் கக்கிச் சாவாய் என்று மிரட்டலும் வரும். தாயத்து விற்றுத் தீர்ந்ததும் மோடி மஸ்தான் கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் பேச்சுதான் உண்மையான வித்தை. விலங்குகளே இல்லாமல் அந்தப் பேச்சை மட்டும் மேடையேற்றினால் இன்றும் கூட்டம் நிற்கும் என்பது என் நம்பிக்கை.

மகுடி ஊதினால் பாம்பு ஆடுமா?

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. அது நம்மைப் போல் இசையைக் கேட்டு ஆடுவதில்லை. நல்ல பாம்பு படம் எடுத்து, முன்னால் அசையும் மகுடியைத் தாக்க வரும் பொருளாக நினைத்துக் கண்ணால் பின்தொடர்கிறது. ஊதுபவர் உடம்பை ஆட்ட ஆட்ட அதுவும் ஆடும். பல்லைப் பிடுங்கிய பாம்புக்கு வாய் புண்ணாகி, இரை எடுக்க முடியாமல் போய், கொஞ்ச நாளில் செத்துவிடும். பிறகு இன்னொன்றைப் பிடிப்பார்கள்.

பாம்பு பிடிக்கும் அறிவுக்கு வேறு வழியும் இருந்தது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. உரிமத்தோடு பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, பிடித்த இடத்துக்கே திருப்பி விடுகிறார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகிறது.

சர்க்கஸ் யானைகளுக்கும் நம் கரைக்கும் தொடர்பு உண்டா?

நேர் எதிரே இருக்கும் இலங்கைதான் உலகத்துக்கே யானை கொடுத்த தீவு. இலங்கை யானைகளைப் படகு கட்டி ஏற்றிக் கலிங்க அரசனுக்கு விற்றார்கள் என்று பழைய கிரேக்கக் குறிப்பே இருக்கிறது. டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் யானை விற்றார்கள். வாங்கியவர்களில் தென்னிந்திய வணிகர்கள் முக்கியமானவர்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னமும் ஜெர்மனியின் ஹாகன்பெக்கும் காட்சிக்காக யானை தேடி வந்ததும் இலங்கைக்குத்தான்.

யானையைச் சொல்லுக்குப் பழக்குவது நமக்கு மிகப் பழைய வேலை. பாசறையில் பாகர்கள் கவைமுள் கருவியால் குத்தி, வடமொழிச் சொற்களைச் சொல்லி யானையைத் தின்ன வைக்கும் காட்சி முல்லைப்பாட்டில் வருகிறது. சுமை தூக்கவும் போருக்கும் பழக்கியது ஒன்று. தலைகீழாக நிற்கவும் ஸ்டூலில் ஒற்றைக் காலூன்றவும் பழக்கியது வேறொன்று. அது யானையின் எலும்புக்கே பொருந்தாத வேலை.

கடல் இருக்கிறதே, இங்கே டால்பின் ஷோ வைத்தால் என்ன?

பிள்ளைகள் இதை ஆசையாகக் கேட்பார்கள். சட்டப்படி முடியாது. 1938இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய தொழில் அது. 1990களின் கடைசியில் சென்னைக்குத் தெற்கே ஒரு பூங்காவுக்கு வெளிநாட்டிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களிலேயே அவை இறந்துபோயின. 2013 மே மாதம் மத்திய அரசு நாடு முழுவதும் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது.

நம் மண்டபத்திலும் ஒரு கதை உண்டு. 1950களின் இறுதியில் அங்குள்ள கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ஜோடி ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, வைத்து வளர்த்தார்கள். அது ஆராய்ச்சிக்காக, வித்தைக்காக இல்லை. கடற்புல்லை மேய்ந்து திரிகிற அந்த உயிரினத்துக்குத் தொட்டி போதவே போதாது. இன்று ஆவுளியாவைப் பிடிப்பது சிறைக்குரிய குற்றம். வலையில் சிக்கினால் மீனவர்களே வலையை அறுத்து அதைக் கடலில் விடுகிறார்கள், வலை போனாலும் பரவாயில்லை என்று. கடல்விலங்கு பார்க்க ஆசையா? மன்னார் வளைகுடாவில் படகில் போகும்போது ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், தாமாகவே கூட வரும்.

தடை எப்போது, எப்படி வந்தது?

ஒரே நாளில் வரவில்லை. முதல் அடி எடுத்து வைத்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியக் கலைஞர், கலாக்ஷேத்ராவை நிறுவியவர். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. வாழ்நாளெல்லாம் மேடையில் ஆடிய ஒருவர், மேடையில் ஆட்டுவிக்கப்படும் உயிர்களுக்காகப் பேசினார் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயம்.

அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, எந்த விலங்கை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 1991இல் முதல் அறிவிப்பு. வழக்குகளுக்குப் பிறகு 1998இல் மறுபடியும்: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம். சர்க்கஸ் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 2000இல் கேரள உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. மனிதருக்கு அடிப்படை உரிமை உண்டென்றால் விலங்குக்கு ஏன் கூடாது என்று அந்தத் தீர்ப்பு கேட்டது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 2013இல் மத்திய விலங்கியல் பூங்கா ஆணையம் சர்க்கஸில் யானைகளைப் பயன்படுத்துவதற்கும் தடை விதித்தது. வெளிநாடுகளில் பொலிவியா 2009இல் எல்லா விலங்குகளையும் தடை செய்தது. ரிங்லிங் 2017இல் மூடி, 2023இல் விலங்கு இல்லாமல் திரும்ப வந்தது.

அந்தச் சிங்கங்கள் காட்டுக்குப் போய்விட்டனவா?

போகவில்லை. கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த சிங்கத்துக்கு வேட்டையாடத் தெரியாது. அதோடு, சர்க்கஸ் சிங்கங்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க, ஆசியச் சிங்கங்களின் கலப்பு. ஆசியச் சிங்கம் வாழும் குஜராத்தின் கிர் காட்டில் விட்டால் அங்கிருக்கும் இனம் கெடும். அதனால் வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம் போன்ற இடங்களில் மறுவாழ்வு மையம் அமைத்து, இனப்பெருக்கம் இல்லாமல், வயதாகி இறக்கும்வரை பராமரித்தார்கள்.

மனிதர்கள்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். தடை சரியானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சிங்கத்துக்கு மறுவாழ்வு மையம் கட்டிய நாம், அதற்குத் தினமும் இறைச்சி போட்ட ஆளுக்கு என்ன செய்தோம்? கேரள அரசு ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் தருகிறது. வடக்கே கரடி ஆட்டிய கலந்தர் சமூகத்தினரிடம் கரடியை வாங்கிக்கொண்ட தொண்டு நிறுவனங்கள், பதிலுக்குத் தொழில் தொடங்கப் பணமும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கொடுத்தன. அதனால்தான் 2009இல் கடைசி ஆட்டக் கரடியும் சங்கிலியிலிருந்து விடுபட்டது, திரும்ப யாரும் காட்டுக்குள் போய்க் குட்டியைத் திருடவில்லை. நம் பக்கத்துக் குரங்காட்டிகளுக்கும் பாம்பாட்டிகளுக்கும் அப்படி ஒன்று நடந்து நான் பார்க்கவில்லை. கையில் இருந்ததைப் பிடுங்கினார்கள், வழக்குப் போட்டார்கள், அதோடு சரி. மகன்கள் பேருந்து நிலையத்தில் பிளாஸ்டிக் சாமான் விற்கிறார்கள்.

கோயில் யானை ஆசீர்வாதம் செய்வதும் வித்தைதானே?

என் பதில் சிலருக்குப் பிடிக்காது. சாமி ஊர்வலத்தில் முன்னே போகும் யானை வேறு. நாள் முழுக்கக் கல்தரையில் நின்று, நாணயத்தை வாங்கிப் பாகனிடம் கொடுத்துவிட்டுத் தலையில் தும்பிக்கை வைக்கும் யானை வேறு. இரண்டாவது பழக்கப்பட்ட வித்தைதான். 2003இல் முதுமலையில் தொடங்கிய கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாமும், 2011ஆம் ஆண்டின் தமிழ்நாடு வளர்ப்பு யானை விதிகளும் நிலைமையைக் கொஞ்சம் மாற்றின. பக்தர்கள் காசு நீட்டுவதை நிறுத்தினால் மீதி தானாக மாறும்.

அப்படியென்றால் ஜல்லிக்கட்டு?

காளை காட்டு விலங்கு இல்லை, ஆகவே இந்தப் பக்கத்தின் எல்லைக்குள் அது முழுதாக வராது. 2011இல் அதே 22ஆம் பிரிவுப் பட்டியலில் காளையைச் சேர்த்ததால்தான் 2014இல் தடை வந்தது. 2017இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது, 2023இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

விலங்கு இல்லாமல் சர்க்கஸுக்கு யார் போவார்கள்?

போய்ப் பாருங்கள். பார் விளையாட்டு, கயிற்று நடை, கூண்டு உருண்டைக்குள் மோட்டார் சைக்கிள், எதற்கும் சிங்கம் தேவைப்படவில்லை. ஜெர்மனியின் ரொன்காலி சர்க்கஸ் யானையையும் குதிரையையும் ஒளி பிம்பமாகவே வட்டத்துக்குள் ஓட விடுகிறது. நம்மிடமோ அதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. புலியாட்டம், மயிலாட்டம், காளையாட்டம், பொய்க்கால் குதிரை என்று விலங்கைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு ஆடும் கலைஞர்கள் இருக்கிறார்கள். உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும் பூசி, வால் கட்டி, தப்பு அடிக்குப் பதுங்கிப் பாயும் ஒருவரைக் கிட்டே நின்று பாருங்கள். அவர்களுக்குத் திருவிழாக் கமிட்டிகள் கொடுக்கும் சம்பளத்தைக் கூட்ட வேண்டும்.

இன்றைக்கும் யாராவது குரங்கு, கிளி, பாம்பு வைத்துக் காசு கேட்டால் என்ன செய்வது?

கிளி ஜோசியக் கிளியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் பறவைதான். பலருக்கு இது தெரியாது. வதைத் தடுப்புச் சட்டத்தின்படி விலங்கை வதைத்த முதல் குற்றத்துக்கு அபராதம் இன்னும் 10 முதல் 50 ரூபாய்தான். வனவிலங்குச் சட்டமோ கடுமையானது, மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் பட்டியல் விலங்கென்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆகவே காட்டு விலங்கு என்றால் வனத்துறையிடம் சொல்லுங்கள். மன்னார் வளைகுடா வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. வீடியோ எடுத்துப் போட்டுக் கூட்டம் சேர்க்காதீர்கள், வித்தை காட்டுபவரை அடிக்கவும் கூடாது. இடத்தையும் நேரத்தையும் சொல்லி, அவர்கள் வரும்வரை நில்லுங்கள். கூடக் குழந்தைகள் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098.